திரேசம்மா சுரண்டிய பாதிப் படகு

போன சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து சாய்மனைக் கதிரையில் விழுந்தவன், சாப்பாட்டுக்குத்தான் எழும்பினேன். எழும்பினேன் என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வது. மனைவி ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். மற்றக் கையால் நான் கதிரையை ஊன்றினேன். இருவருமாகச் சேர்ந்து என்னை நிமிர்த்தினோம்.

இடுப்பு, தோள், கழுத்து, விரல்... எது வலிக்கவில்லை என்று சொல்வது சுலபம். காது வலிக்கவில்லை.

எல்லாம் ஒரு படகினால் வந்த வினை. பெரிய கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பேர் ஏறிவிட்டால் நாலாவது ஆள் கரையில் நின்று கையாட்ட வேண்டியதுதான். ஒரு பாய்மரம், ஒரு பாய், ஒரு சுக்கான். இங்கிலீசில் டிங்கி என்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அரசாங்கக் கச்சேரியில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அதை விற்றுவிட்டுப் போனார். என் கந்தோரில் பக்கத்து மேசைக் கிளாக்கர் சூசைப்பிள்ளையும் நானும் ஆளுக்குப் பாதியாக வாங்கினோம். சூசைக்குப் படகில் ஆசை. எனக்கு சூசையில் பிரியம். வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

சூசை மீன்பிடி ஊரான குருநகர்க்காரன்தான். ஆனால் சின்ன வயதிலேயே மிஷன் போர்டிங்கில் விட்டுவிட்டார்கள். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. நானோ சுன்னாகத்துப் பக்கம் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. எனக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு கிணற்றோடு முடிந்தது. இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு படகு வாங்கினால் எப்படி இருக்கும்?

வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்திருப்பதுதான் ஆயுள் தண்டனை.

மழைக்காலம் தொடங்கும்போது கரையேற்றிக் கிடுகுக் கொட்டிலுக்குள் கவிழ்த்து வைக்க வேண்டும். மழை விட்டதும் சுரண்டத் தொடங்க வேண்டும். அடிப்பக்கம் முழுவதும் சிப்பியும் பாசியும் பழைய பெயின்றும் கல்லுப்போல ஒட்டிக்கொண்டிருக்கும். சுரண்டி முடித்தால் மண்கடதாசி போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு கலப்பத்து. அதாவது, பலகைக்கும் பலகைக்கும் இடையில் இருக்கும் பழைய பஞ்சைக் கிளறி எடுத்துப் புதுப் பஞ்சை அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது. பிறகு பெயின்ற். காயவிட்டு இன்னொரு தரம் பெயின்ற். இதற்கிடையில் பாயை விரித்துப் பார்த்தால் எலி கடித்திருக்கும்...

எல்லாம் முடித்துப் படகு தண்ணீரில் இறங்கிச் சில வாரங்களில் சோளகக் காற்றுப் பலத்துவிடும். பிறகு எங்களைப் போன்றவர்களுக்குக் கடல் கிடையாது. வேலை மாதக்கணக்கில், ஓட்டம் நாட்கணக்கில்!

போன கார்த்திகை மழையில் சூசைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

அவனைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. கந்தோரில் பக்கத்து மேசைக்குப் புது ஆள் வந்துவிட்டார். நல்ல பிள்ளை. இன்னமும் அந்தப் பக்கம் திரும்பாமலே மைப்போத்தலுக்குக் கை நீட்டுகிறேன், அவ்வளவுதான்.

தை பிறந்து மழை விட்டது. படகை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் பாதி இப்போது சூசையின் மனைவி திரேசம்மாவுடையது அல்லவா? ஒரு சொல் கேட்க வேண்டுமே என்று குருநகருக்குப் போனேன்.

கறுப்புச் சேலையோடு வாசலுக்கு வந்தாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"அண்ணை, வழமையா எப்ப சுரண்டத் தொடங்கிறனியள்?"

"இப்ப தொடங்கிறதுதான். சனிக்கிழமையளிலை. ஆனா இனி என்னத்துக்கு, தங்கச்சி?"

"அப்ப வாற சனிக்கிழமை வாறன். என்ரை பாதியை நான் சுரண்டிறன்."

"என்ன?"

"பாதி என்ரைதானே? சுரண்டி முடியட்டும். விக்கிறதைப் பற்றிப் பேந்து கதைப்பம்."

ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மனைவி பார்வதியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் கத்தியையும் கத்தரிக்காயையும் கீழே வைத்தாள்.

"உங்களுக்கென்ன விசரோ? புருசன் செத்து மூண்டு மாசமாகேல்லை. நீங்களும் அவவும் கொட்டிலுக்குள்ளை நிண்டு படகு சுரண்டினால் சனம் என்ன கதைக்கும்?"

"நான் கூப்பிடேல்லை. அவதான்..."

"நானும் வாறன்" என்றாள் பார்வதி. விஷயம் முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் போனபோது திரேசம்மா எங்களுக்கு முன்பே கொட்டிலில் இருந்தாள். கையில் மீன் செதில் சுரண்டும் கத்தி. படகை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். குந்தினாள். சுரண்டத் தொடங்கினாள்.

அவள் ஒரு பக்கம், நான் மற்றப் பக்கம். பார்வதி பூவரச மரத்தின் கீழ் பாய் போட்டு உட்கார்ந்து கரையால் போகிற வருகிற எல்லோருக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் வந்த வேலை.

சுரண்டுகிற வேலையின் விசேஷம் என்னவென்றால், செய்கிறோம் என்பது கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. விரல் மடக்க முடியாமல் போகும். பழைய பெயின்ற் தூள் மூக்குக்குள் ஏறித் தும்மல் வரும். நிமிர்ந்து பார்த்தால் படகு அப்படியே கிடக்கும்! சூசை இருந்த காலத்தில் அவன் ஏதாவது பகிடி சொல்வான். இப்போது கரகர என்ற சத்தம் மட்டும்.

பின்னேரம் வெயில் தாழ்ந்தபோது திரேசம்மா கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். கைகளில் கொப்புளம். ஒன்று உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. தான் சுரண்டிய இடத்தை நின்று பார்த்தாள். காலையிலிருந்து சுரண்டியது ஒரு சுளகு அகலம்கூட இருக்காது.

"அண்ணை... ஒரு நாளைக்கு இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான், தங்கச்சி. நாங்கள் இதையும்விடக் குறைவு."

"உண்மையாவோ?"

"உண்மையாத்தான்."

அவள் படகில் கையை வைத்தாள். "அப்ப அந்த மனுசன் பொய் சொல்லேல்லை" என்றாள்.

பிறகு அழுதாள். செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பார்வதிதான் எழுந்து வந்து அவளைப் பிடித்துப் பாயில் இருத்தித் தண்ணீர் கொடுத்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது.

"என்ரை தமையன் கடல் தொழிலுக்குப் போறவன், அக்கா. தங்கடை வள்ளத்தை ரெண்டு நாளிலை துப்புரவாக்கிப்போடுவினமாம். 'அந்தச் சின்னச் சாமானுக்கு ரெண்டு மாசமோ? உன்ரை மனுசன் வேறை எங்கையோ போறார், கவனம்' எண்டு சொன்னவன். அண்டையிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சண்டை. கடைசியா... படகைக் கரையேத்திப்போட்டு வாறன் எண்டு போனவர், தெப்பமா நனைஞ்சுகொண்டு வந்தார். 'எவளின்ரை வீட்டிலையிருந்து வாறியள்?' எண்டு கேட்டன். அவர் ஒண்டும் கதைக்கேல்லை. அண்டைக்குத்தான் காய்ச்சல் துவங்கினது."

"தங்கச்சி, அண்டைக்கு நானும் அவரும்தான் மழைக்குள்ளை நிண்டு இழுத்தனாங்கள். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டால்? சிநேகிதன் சிநேகிதனுக்காகப் பொய் சொல்லுவான்தானே? அதுதான் நானே வந்து சுரண்டிப் பாத்தனான்."

"உங்கடை தமையன் சொன்னதும் பிழையில்லை" என்றேன். "அவருக்குத் தொழில் தெரியும். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டும் தெரியாது. அதுதான் ரெண்டு மாசம்."

திரேசம்மா அழுகைக்குள் சிரித்தாள். பார்வதி சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பொய்யாக இருந்தால் சூசை நன்றாகச் சொல்லியிருப்பான். கந்தோரில் அவசர வேலை, பெரியதுரை கூப்பிட்டார் என்று ஏதாவது. பொய் சொல்கிறவன் கேட்கிறவருக்குப் பிடித்த மாதிரிச் சொல்வான். உண்மை சொல்கிறவனுக்கு அந்த வசதி இல்லை. நாள் முழுக்கச் சிப்பி சுரண்டினேன் என்று தினமும் அதையே சொன்னால் எந்த மனைவி நம்புவாள்? உண்மை பல வேளைகளில் அவ்வளவு அலுப்பானது.

அன்றோடு திரேசம்மா நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும் வந்தாள். தன் பாதியை முடித்துவிட்டு, நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வதிக்கும் கை சும்மா இருக்கவில்லை. குங்கிலியம் காய்ச்சும் அடுப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். நான் காய்ச்சினால் கருகுமாம். பாயில் எலி கடித்த இடத்தை இரண்டு பேருமாக ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். பேச்சும் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் என்ன கதை என்று கேட்டால் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

பெயின்றும் காய்ந்து முடிந்த அன்று படகை இறக்கினோம். கரையோரம் முழங்காலளவு தண்ணீரில் கொண்டுபோய் விட்டேன். வாளியால் உள்ளே தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன்.

"ஐயோ, அண்ணை! என்ன செய்யிறியள்?" என்று திரேசம்மா பதறி ஓடி வந்தாள்.

"தாழ்க்கிறன்."

"இவ்வளவு பாடுபட்டுச் செய்துபோட்டுத் தாழ்க்கிறியளோ?"

மாதக்கணக்கில் காய்ந்த பலகை தண்ணீர் குடித்து ஊதினால்தான் இடைவெளி இறுகும், ஒரு நாள் தாழ்ந்து கிடக்க வேண்டும் என்று விளக்கினேன். இரு பெண்களும் கரையில் நின்று, தாங்கள் பெயின்ற் அடித்த படகு மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் போவதைப் பார்த்தார்கள். ஒருவரும் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

போன சனிக்கிழமை காலை அதை இறைத்து, பாய் கட்டி, மூவருமாக ஏறினோம்.

திரேசம்மா அதற்கு முன் படகில் ஏறியதே இல்லையாம். வள்ளத்தில் பெண்கள் கால் வைக்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டுக் கட்டளை. இது வள்ளம் இல்லை, டிங்கி என்று தமையனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மெல்லிய காற்று. பண்ணைக் கடல் பக்கமாக விட்டேன். படகு ஒரு பக்கம் சரிந்தபோது பார்வதி நல்லூரில் தொடங்கிச் செல்வச்சந்நிதி வரை எல்லா முருகனையும் கூப்பிட்டாள். ஒரே முருகன்தானே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

திரேசம்மா தண்ணீரில் விரலை வைத்தபடி இருந்தாள்.

"அவர் எந்த இடத்திலை இருக்கிறவர், அண்ணை?"

"நான் இப்ப இருக்கிற இடம். சுக்கான் அவரின்ரை கையிலைதான். நான் தண்ணி இறைக்கிற ஆள்."

"அப்ப இண்டைக்கு ஆர் தண்ணி இறைக்கிறது?"

மூவரும் கீழே பார்த்தோம். பார்வதியின் கணுக்கால் நனைந்திருந்தது. அவள் முருகனை விட்டுவிட்டுச் செம்பை எடுத்தாள்.

கரைக்கு வந்ததும் திரேசம்மா சேலைக் கரையைப் பிழிந்தாள்.

"அவர் செத்து மாசம் முடிஞ்ச அண்டைக்கு அவருக்குப் பூசை ஒப்புக்குடுக்கேக்கை எனக்கு மனசு ஒட்டேல்லை. கோயிலுக்குள்ளை சும்மா நிண்டனான். வாற கிழமை இன்னொரு பூசைக்குச் சாமியாரிட்டைச் சொல்லியிருக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் வரோணும்."

"வாறம், பிள்ளை" என்றாள் பார்வதி.

"அண்ணை, என்ரை பாதியை நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு இனி வேண்டாம்."

"ஏன், தங்கச்சி?"

"நான் பாக்க வந்ததைப் பாத்திட்டன்."

சொல்லிவிட்டு நடந்தாள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நடை இலேசாக இருந்தது. சூசை இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, அவன் உயிரோடு இருந்தபோது இது நடந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

ஆக, பாதிப் படகை விற்கப் போனவன் முழுப் படகோடு நிற்கிறேன். இனி இதை விற்க எனக்கு மனம் வருமா? இரண்டு பேர் சேர்ந்து முடிக்க முடியாத வேலையைத் தனி ஆளாக எப்படிச் செய்வது? கார்த்திகைக்குக் கரையேற்ற வேண்டும், தையில் சுரண்ட வேண்டும்... நினைக்கவே களைக்கிறது.

பார்வதி ஆறுதல் சொன்னாள். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் தானும் கூட வருகிறாளாம். "உங்களிலை நம்பிக்கை இல்லாமலில்லை. சும்மாதான்" என்றாள்.

நான் கேட்கவே இல்லையே!