கறுப்பிக்கு ஞாயிறு வரை கெடு

கோழி விற்பது பெரிய வித்தை இல்லை. விற்ற கோழிக்குப் போன இடத்தில் நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பதுதான் வித்தை. கோவையைச் சுற்றி, வீட்டில் நாலைந்து கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நாட்டுக்கோழி கொடுப்பது என் பிழைப்பு. பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பனுக்குக்கூட என்றைக்காவது ஒரு நாள்தான் புகார் வரும். எனக்குத் தினமும் வரும். நீங்களும் கோழி வளர்ப்பவர் என்றால் வாருங்கள், சேர்ந்தே அழுவோம்.

கெடு

மதுக்கரை சாந்தாமணி அக்கா திங்கட்கிழமை காலையில் போன் செய்தார். நான் கொடுத்த கோழி கறுப்பி, முட்டையைக் குடித்துவிட்டு வெறும் ஓடாகப் போட்டுவைக்கிறதாம். நேரில் போனேன். கூட்டில் காலி ஓடு கிடந்தது. நுனியில் வட்டமாக ஒரு துளை. கோழி கொத்தினால் இவ்வளவு அழகாக வராதே என்று தோன்றியது, தோன்றியதோடு சரி. பக்கத்தில் கறுப்பி, பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு நின்றது.

அக்காவுக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். அவர் உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்ளும். கூடையை இருட்டு மூலைக்கு மாற்றச் சொன்னேன், தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலக்கச் சொன்னேன். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர் பழனிசாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்தப் பழக்கத்தை உடலைன்னா, புடிச்சுக் கொழம்பு வெச்சுபோடலாமுங்க."

சாமி சேவல்

செவ்வாய்க்கிழமை போத்தனூரில் ஒரு சேவல். வாசலில் யார் வந்தாலும் கணுக்காலைக் கொத்தும். என் காலையும் விடவில்லை. கம்பை ஓங்கினேன். வீட்டுக்காரர் பதறிப்போய்த் தடுத்தார். அது கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். பொங்கல் வைக்கும் நாள் வரை அதன் மேல் ஒரு அடி விழக்கூடாது. அந்த விஷயம் சேவலுக்கும் தெரிந்திருந்தது என்பது என் சந்தேகம்.

அடிக்காமல் அடக்க ஒரு வழி உண்டு. தினமும் பத்து நிமிஷம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தால், நாம்தான் பெரியவர் என்று அதற்குப் புரிந்துவிடும். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்: "சேவல் அடங்கிருச்சுங்க. ஆனா நான் செருப்பில்லாம சாமியத் தூக்கிட்டு வீதில போறனுங்களா, பாக்கறவங்கெல்லாம் கும்புட்டுப்போட்டு எந்தக் கோயல்ல நோம்பின்னு கேக்கறாங்க."

தண்ணியில் காட்டு

பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் அம்மணி. அவருடைய கோழி முட்டையே இல்லாமல் மூன்று வாரமாக அடைகாத்துக்கொண்டிருந்தது. உடம்புச் சூடு தணிந்தால் எழுந்துவிடும் என்பது எங்கள் கணக்கு. அதனால் போனிலேயே, "கோழியைக் கொஞ்சம் தண்ணியில காட்டுங்க" என்றேன். அடிவயிற்றை நனைத்து எடுங்கள் என்று விளக்கியிருக்க வேண்டும்; சோம்பல், சொல்லவில்லை.

மறுநாள் அவரிடமிருந்து பதில் வந்தது: "பக்கெட்ல காட்டினேனுங்க. குனிஞ்சு அதோட மூஞ்சியை நல்லாப் பாத்துச்சு, மறுபடியும் போய் உக்காந்துக்குச்சுங்க."

மிளகாய் முட்டை

வெள்ளிக்கிழமை சாந்தாமணி அக்கா அழாத குறையாகப் பேசினார். வெறும் ஓடு விழுவது நிற்கவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்: முட்டையில் துளை போட்டுக் கருவைக் கொட்டி, மிளகாய்த்தூளைக் கரைத்து நிரப்பி, மாவால் அடைத்துக் கூட்டில் வையுங்கள். ஒரு வாய் வைத்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. முட்டை வீண் என்று கணவர் சத்தம் போடுவாரே என்று பயந்து, அக்கா அவருக்குத் தெரியாமல் இரண்டு முட்டை தயார் செய்தார்.

கோழி நாக்குக்கு மிளகாய் உறைக்கவே உறைக்காது என்பது இத்தனை வருஷத் தொழிலில் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை தெரிந்துகொண்டேன். அக்கா சொன்னார்: "மாவைக் கொத்திப்போட்டு அத்தனையும் ரசிச்சுத் தின்னுச்சு தம்பி. உப்புத்தான் கம்மியோ என்னமோ. இன்னொண்ணு கூட்டுலதான் இருக்குது, இருக்கட்டும் உடுங்க."

ஞாயிறு

விடிந்ததும், கறுப்பியை எப்படியாவது கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று கூடையோடு போனேன். அக்கா வாசலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

அப்போது புழக்கடையில் ஓர் அலறல். ஓடினோம். கோழிக்கூட்டுக்கு முன்னால் பழனிசாமி அண்ணன் குதித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். ஒரு கையில் ஊக்கு, மறு கையில் முட்டை. அதன் நுனியில் வட்டமாக ஒரு துளை. அவருக்கு முட்டை கூடாது என்று டாக்டர் சொல்லி, அக்கா சமையலிலிருந்தே முட்டையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நான் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். அக்கா அவசரப்படவே இல்லை. கறுப்பியைப் பதமாகக் கீழே இறக்கிவிட்டு, புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, எங்கள் ஊர் மரியாதை ஒரு சொட்டும் குறையாமல் கேட்டார்: "ஏனுங்க, பழக்கத்தை உடலைன்னா கொழம்பு வெச்சுபோடலாம்னு சொன்னது நீங்கதானுங்களே?"

அன்றிலிருந்து, கோழி முட்டையைக் குடிக்கிறது என்று யார் போன் செய்தாலும், வீட்டில் டாக்டர் யாருக்கு என்ன கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் கேட்கிறேன்.