நான் சீல் வைத்த ஆலயமும் ஆயர் அம்புரோசும்

வருவாய்த் துறையில் நான் செய்த தவறுகளில் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது இது ஒன்றுதான். இளைய அலுவலர்கள் படிக்கட்டும்.

நான் தாசில்தாராக இருந்தபோது தக்கலைக்குப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றில் கமிட்டித் தேர்தல் தகராறு. வென்றவர்களும் தோற்றவர்களும் ஆலயச் சாவிக்காக மல்லுக்கு நின்றார்கள். சமாதானம் பேசப் போனேன்.

"நாஞ்சில்நாட்டுப் பிள்ளைவாளுக்கு வயலு அளக்கத் தெரியும், சபைக் காரியம் என்ன தெரியும்?" என்றார் ஒருவர், அந்தச் சபையைச் சேராத என்னைப் பார்த்து. இரு தரப்பும் சேர்ந்து சிரித்தது. அன்று அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அது.

நடந்தது வெறும் கூச்சல்தான். கோபத்தில் நான், 'கலவரம் மூளும் அபாயம்' என்று என் மேலதிகாரியான வருவாய்க் கோட்டாட்சியர், ஆர்.டி.ஓ.வுக்கு அறிக்கை எழுதினேன். ஆலயத்தைப் பூட்டி சீல் வைக்க உத்தரவு வந்தது. வைத்தேன்.

மறுநாள் ஒரு தகப்பனார் வந்தார். "எனக்க மவளுக்கு திங்கக்கெழம கலியாணம் சார். மூணு ஞாயிறும் ஆலயத்துல கலியாண அறிவிப்பு ஓலை வாசிச்சாச்சு. மாப்பிளைக்கு லீவு முடியுது, புதங்கெழம சவுதிக்குப் போணும்."

ஆலயத்தின் சீலை அகற்ற வேண்டுமானால், எழுதியது பொய் என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பூதப்பாண்டியில் மனைவி வீட்டில் போய் ஒளிந்தேன்.

மாலையில் அதே தகப்பனார் பாதிரியாருக்கு உதவியாகச் சபையில் வேதம் சொல்லித்தரும் உபதேசியாரோடு வந்து நின்றார். உபதேசியார் குலுங்கிச் சிரித்தார்.

"அம்புரோசும் இப்பிடித்தான் சார் ஒளிஞ்சாரு."

"யார் அவர்?"

"மிலான் ஊருக்கு கவர்னர். ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு முன்ன. அடுத்த ஆயர், அதான் பிஷப்பு, யாருன்னு ரெண்டு கூட்டம் அடிச்சுக்கிட்டு. இவரு சமாதானம் பேசப் போனாரு. ரெண்டு கூட்டமும் இவரையே ஆயரா வேணும்னு சொல்லிட்டு! அவரு அன்னைக்கு ஞானஸ்நானம்கூட எடுக்கல்ல. பயந்து கூட்டாளி வீட்டுல ஒளிஞ்சாரு. கூட்டாளியே காட்டிக் குடுத்தான். உங்கள உங்க மச்சினரு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பிறகு?"

"பெறவுதான் வேதம் படிச்சு ஆயர் வேலையே படிச்சாரு. பேரரசன் ஒருத்தன் கோவத்துல சனங்கள வெட்டிப் போட்டான். அவன்கிட்ட அம்புரோசு, எல்லாரும் பாக்க தப்ப ஒத்துக்கிட்டு அழுதுட்டு கோயிலுக்குள்ள வான்னாரு. அவனும் அழுதான் சார்."

உபதேசியார் கதைதான் சொன்னார். எனக்கு அது உத்தரவாகக் கேட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. முன் நின்று, 'கோபத்தில் மிகைப்படுத்தி எழுதினேன்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "சீலை எடுங்க. மெமோ தபால்ல வரும்" என்றார். வந்தது.

சாவி யார் கையில் என்று மறுபடி தகராறு. கடைசியில், "தாசில்தார் சாருக்க கையிலயே இருக்கட்டு" என்று இரு தரப்பும் சொன்னது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்த கையோடு, படியில் நின்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு மணப்பெண், "அப்பா, பாதிரியாரு காத்துக்கிட்டு நிக்காரு, உள்ள போவமா?" என்றாள். கூட்டம் முழுதும் சிரித்தது. நானும் உள்ளே போனேன்.

கோபம் ஆறும்வரை அறிக்கை எழுதாதீர்கள். எழுதிவிட்டால் மறுநாளே திருத்துங்கள். நான் திருத்தியது உண்மைதான். ஆனாலும் மகள் கல்யாண வாரத்தில் ஒரு தகப்பன் என்னைத் தேடி அலைந்த அந்த ஒரு நாளை எந்தக் கடிதத்தாலும் என்னால் திருத்த முடியவில்லை.