வாஷிங் மிசினுக்கு வைத்த பொட்டு

எங்கள் அப்பாவுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. கைபேசி ஆட்களை மந்தமாக்கும். லிஃப்டில் ஏறி இறங்கினால் முழங்கால் இறுகிப்போகும். இப்போது வருகிற சாமான்களை வொரண்டி முடிகிற அன்றே பழுதாகும்படி செய்துதான் அனுப்புகிறார்கள். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைச் சனம் குப்பையில் கொட்டுகிற சோற்றில் இன்னொரு வெள்ளவத்தையை வளர்த்து விடலாம். இவ்வளவையும் காலைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். கடைக்குப் போனால் ஒவ்வொரு பெட்டியையும் திருப்பித் திருப்பித் திகதி பார்ப்பார். திகதி பிந்திய யோகட் ஒன்று அகப்பட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குப் பண்டிகைதான். கடைக்காரரைக் கூப்பிட்டு, வாங்குகிறவனுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார். அந்த நேரத்தில் நானும் அம்மாவும் அவரைத் தெரியாதவர்கள் மாதிரி வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அம்மா கொள்ளுப்பிட்டியில் ஒரு கொம்பனியில் வேலை பார்த்தார். திங்கள் தொடங்கிச் சனி மத்தியானம் வரை அங்கே. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குளியலறையில், வாளிகளோடு. உடுப்புத் தோய்ப்பது பற்றியும் அப்பாவுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதைப்போல உடம்புக்கு நல்ல பயிற்சி வேறு கிடையாதாம். அந்தப் பயிற்சியை அவர் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

ஒரு வருஷம் கிடைத்த போனஸில், ஒருவரையும் கேட்காமல், அம்மா வாஷிங் மிசின் வாங்கிவிட்டார். அப்பா தண்ணீர் வீணாவது, கரண்ட் பில், மனிதக் கைகள் வேலை மறப்பது என்று வரிசையாகத் தொடங்கினார். அம்மா முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணும்."

பாவம், மிசின் வந்தும் அது கிடைக்கவில்லை. மிசின் வந்த கையோடு வீட்டில் அழுக்கும் கூடிவிட்டது. ஒருதரம் முகம் துடைத்த துவாயும் மிசினுக்குள் போனது. ஒரே சேட் போட்டு இரண்டு நாள் திரிகிற அப்பா, பாண் வாங்கப் போய்வந்தாலும் மாற்றத் தொடங்கினார். "மிசின்தானே தோய்க்குது," என்பார். யன்னல் சீலை, தலையணை உறை, மெத்தை விரிப்பு என்று வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் கண்டவையெல்லாம் வாராவாரம் வரிசையில் நின்றன. அவ்வளவையும் மொட்டைமாடிக்குச் சுமந்து, காயப்போட்டு, எடுத்து, மடிப்பதற்கு மிசினுக்குக் கையில்லை. அம்மாவுக்குத்தான் இருந்தது.

இப்படியிருக்கும்போதுதான் சரஸ்வதி பூசை வந்தது. புத்தகங்களுக்குப் பூசை முடிந்ததும் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வருவது வழக்கம். உழைக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு. கொம்பியூட்டருக்கு, குளிர்சாதனப் பெட்டிக்கு, காஸ் அடுப்புக்கு, அம்மாவின் கைப்பைக்கு. மிசினுக்கு முன்னால் வந்ததும் நின்றார். முதல் வருஷம் அல்லவா, கொஞ்சம் விசேஷமாகச் செய்ய நினைத்திருக்கிறார்.

"மகள், அதின்ரை சுவிச்சைப் போடு. உயிரோடை இருக்கேக்கைதான் பூசை செய்ய வேணும்."

போட்டேன். பட்டன்கள் இருந்த இடத்தில் இரண்டு விரலாலும் அள்ளிச் சந்தனத்தை அப்பினார். பிறகு விரலை எடுக்காமலே கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேவாரத்தை முதலில் இருந்து கடைசிவரை பாடினார். குரல் நல்ல குரல்தான். கீழ்மாடியில் ரீவியைக்கூட அணைத்துவிட்டுக் கேட்டார்களாம்.

பின்னேரம் அம்மா உடுப்பைப் போட்டு மிசினை முடுக்கினார். அது அசையவில்லை. எந்தப் பட்டனை அமத்தினாலும் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மின்னி மின்னி எங்களைப் பார்த்தது. அம்மா காய்ந்துபோயிருந்த சந்தனத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நான் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரோ வாளியை எடுத்து அப்பாவின் காலடியில் வைத்தார்.

"நீங்கள்தானே சொல்லுவியள், உடம்புக்கு நல்ல பயிற்சியெண்டு. மிசின் சரியாகுமட்டும் நீங்களே தோயுங்கோ."

"இஞ்சாரும், வொரண்டி இருக்குது. நான் நாளைக்கே போய்க் கதைக்கிறன்," என்றார் அப்பா. சொல்லும்போதே முகத்தில் ஒரு பிரகாசம் வந்துவிட்டது. யோகட்டை விடப் பெரிய வேட்டை அல்லவா.

அடுத்தநாள் என்னையும் இழுத்துக்கொண்டு காலி வீதியில் மிசின் வாங்கிய கடைக்குப் போனார். கடைக்காரரும் எங்கள் ஆள்தான். நெற்றியில் விபூதி. அப்பா சொன்னதை அமைதியாகக் கேட்டுவிட்டு, "மிசினுக்கு மேலை ஏதும் பூசினனீங்களோ?" என்றார்.

"கொஞ்சம் சந்தனம். பூசைக்கு."

"ஐயா, ஈரச் சாமான் பட்டனுக்குள்ளை போனா வொரண்டி இல்லை."

"உடுப்புத் தோய்க்கிற மிசினிலை ஈரம் படக்கூடாதெண்டு சொல்லுற கடையை நான் இப்பதான் பாக்கிறன்," என்றார் அப்பா. கடையில் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். சனம் பார்க்கிறது என்றால் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிடும். கையை விரித்துக் கடையைச் சுற்றிக் காட்டினார். முதல்நாள் பூசை அங்கேயும் நடந்திருந்தது. கூரை வரை அடுக்கியிருந்த எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டும் குங்குமமும்.

"நீங்கள் வைச்சா பக்தி, நாங்கள் வைச்சா பழுதோ?"

கடைக்காரர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "நல்லாப் பாருங்கோ ஐயா. நாங்கள் மட்டைப்பெட்டிக்கு மேலைதான் வைச்சிருக்கிறம். சாமானைத் தொடேல்லை."

உண்மைதான். எல்லாப் பொட்டும் பெட்டிகளின் மேல்தான் இருந்தன. அப்பா கிட்டப் போய் ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அபிப்பிராயம் இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்லகாலம், பக்கத்தில் ரைஸ் குக்கர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு அன்ரி குறுக்கே வந்தார்.

"அப்ப தைப்பொங்கலுக்கு நான் இதுக்குப் பொட்டு வைச்சாலும் வொரண்டி போயிடுமோ?" என்று கேட்டுவிட்டு, குக்கரைத் திரும்ப மேசையில் வைத்தார். அவருக்குப் பின்னால் மிக்ஸியோடு நின்றவரும் யோசிக்கத் தொடங்கினார். கடைக்காரர் அவசரமாக எழும்பினார். "இல்லை இல்லை, ஆளை அனுப்புறன் ஐயா. இந்தக் கிழமைக்குள்ளை அனுப்புறன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா, வாங்குகிற சனம் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எனக்கு விளங்கப்படுத்தினார். அந்த அன்ரி இல்லாமல் என்ன நடந்திருக்கும் என்பதை விட்டுவிட்டார்.

ஆள் அந்தக் கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. சொன்ன சொல்லை அம்மாவும் மாற்றவில்லை. ஞாயிறு காலையில் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளிகளோடு மொட்டைமாடிக்குப் போனார். அங்கே ஒரு பைப் இருந்தது. சவுக்காரத்தூளைப் பையோடு கவிழ்த்ததில் நுரை குழாய் வழியாக இறங்கி நாலாம் மாடி பல்கனிவரை போனது. என் சிவப்புப் பாவாடையையும் அவருடைய வேட்டியையும் ஒன்றாக ஊறவைத்ததில் வேட்டி ரோசாப்பூ நிறமாகிவிட்டது. எறியச் சொன்னார் அம்மா. நல்ல துணியை எறிகிற சனம்தான் நாட்டைக் கெடுக்குது என்று சொல்லி அப்பா அதை வீட்டில் கட்டிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் மொட்டைமாடியில் அவருக்கு ஒன்று அகப்பட்டது: கேட்கிற ஆட்கள். கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் ஊற்ற வருகிற ஓய்வுபெற்ற தபாலதிபர் முதலில் நின்றார். மூன்றாம் மாடியில் இருந்த, எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணர் காற்று வாங்க வந்தவர், அப்பா சேட் கொலரைப் பிராண்டுகிற விதம் பிழையென்று சொல்லித் தானே வாங்கித் தேய்த்துக் காட்டினார். கைபேசி மனிதரை மந்தமாக்குமா இல்லையா என்று அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தபாலதிபர் தன் பேரப்பிள்ளைகளை வெளிநாட்டில் இருந்து அதில்தான் பார்க்கிறேன் என்பார். நானா வட்ஸ்அப்பில் வருவதில் பாதி பொய் என்பார். அப்பா ஒரு பெனியனைத் தலைக்கு மேலே தூக்கி, பிழிந்து, தீர்ப்புச் சொல்லுவார். கீழே கடற்கரை ரயில் தெஹிவளைப் பக்கம் போகும். பிறகு நானாவும் தன் சேட்டுகளைக் கொண்டுவரத் தொடங்கினார். லிஃப்டில் கண்ட பெண்கள் எல்லாம் அம்மாவை ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். என்ன மந்திரம் போட்டீர்கள் என்று ஒருவர் கேட்டே விட்டார்.

அம்மாவோ அந்த ஞாயிறுகளில் வெயில் ஏறுமட்டும் படுத்திருந்தார். எழும்பியதும் என்னைக் கூட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவார். கல்லில் இருந்துகொண்டு கடலை கொறிப்போம். அலை வந்தால் காலைத் தூக்கவும் மாட்டார், செருப்போடு நனைய விட்டுவிடுவார். அம்மாவுக்குப் பாட்டு முணுமுணுக்க வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

தீபாவளி கிட்ட வந்தபோதுதான் மிசின் திருத்துகிறவர் வந்தார். சிங்களக்காரர். காய்ந்த சந்தனத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஈரத்துணியால் பதமாகத் துடைத்தார். பிறகு இரண்டு பட்டன்களை ஒன்றாக அமத்திக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டார். சிவப்பு விளக்கு அணைந்தது. மிசின் தண்ணீர் இழுக்கத் தொடங்கியது.

"பிரஷ்னயக் நே, நோனா," என்றார் அம்மாவிடம். ஒரு பிரச்சினையும் இல்லையாம். சின்னப் பிள்ளைகள் விளையாடாமல் இருக்கப் போடுகிற பூட்டாம் அது. அந்த இரண்டு பட்டனையும் சேர்த்து அமத்திப் பிடித்தால் பூட்டும், திரும்ப அப்படியே அமத்தினால் திறக்கும். அப்பாவின் தேவாரம் அதைப் பூட்டியிருக்கிறது. நான் கைதட்டினேன். அப்பா, "அவ்வளவுதானோ," என்றார். அம்மா, "ஓ," என்று சொல்லிவிட்டு வந்தவருக்குத் தேத்தண்ணி போடப் போனார். மிசின் சரியாகிவிட்டதற்கு வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் சந்தோஷப்படவில்லை. அன்று பின்னேரம் காயப்போட ஒன்றும் இல்லாமலே அப்பா மொட்டைமாடிக்குப் போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஞாயிறுகள் பழையபடி ஆகிவிட்டன. யன்னல் சீலைகள் திரும்பவும் வரிசையில் வந்தன. நானா தன் சேட்டுகளை வீட்டுக்குள்ளேயே தோய்த்தார் போலும், லிஃப்டில் கண்டால் அப்பாவும் அவரும் வெயிலைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். கடற்கரைக்குப் போவோமா என்று நான் கேட்டால் அம்மா, அடுத்த கிழமை பார்ப்போம் என்பார்.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூசை வந்தது. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்து மிசினுக்கு முன்னால் நின்றார். சுவிச்சைப் போடச் சொல்லவில்லை, தானே போட்டார். அதே இரண்டு பட்டன்கள். அதே தேவாரம். அது முடிந்தும் விரலை எடுக்காமல் இன்னொன்றையும் பாடினார். அம்மா கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பின்னேரம் உடுப்பைப் போட்டபோது சிவப்பு விளக்கு மின்னியது.

"திரும்பவும் பழுதாப் போச்சுப் போலை," என்றார் அம்மா.

"என்ன செய்யிறது, இப்பத்தைச் சாமான் அப்பிடித்தான்," என்று சொல்லிக்கொண்டு அப்பா சாரத்தை மடித்துக் கட்டினார். வாளிகள் இரண்டும் ஏற்கனவே வாசலில் இருந்தன.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஓடிப்போய் அந்த இரண்டு பட்டனிலும் விரலை வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

"விடு பிள்ளை. பூசை செய்த சாமானிலை உடனை கை வைக்கக்கூடாது."

"அப்ப எப்ப வைக்கலாம்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "தீபாவளி கழியட்டும். போய்ச் செருப்பைப் போடு, கடற்கரைக்குப் போவம்."

அப்பா அதற்குள் படியில் ஏறிக்கொண்டே நானாவைக் கூப்பிடுவது கேட்டது. திருத்துகிறவர் பட்டனை அமத்தியதை இரண்டு பேரும் பக்கத்தில் நின்றுதான் பார்த்தார்கள். இவ்வளவு படித்த, வேலைக்குப் போகிற பெரிய மனிதர் இரண்டு பேருக்கு ஒரு வருஷத்துக்குள் அது மறந்துபோய்விட்டதே என்று, செருப்பை மாட்டும்போது அவர்களை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது.