அக்காவின் ‘போட்டாச்சு’

அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் எங்கள் உறவினர்கள். மற்றவர்கள் அக்காவிடம் காய் வாங்கியவர்கள். அவர்களில் பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. கத்திரிக்காய் டீச்சர், கீரைத்தண்டு சார், முருங்கைக்காய் பாய் என்றுதான் சொல்வார். முகவரி இல்லாததால் அவர்களுக்கு அழைப்பு அனுப்ப முடியவில்லை. சந்தை வாசலில் நின்று வாயால் சொல்லிவிட்டு வந்தோம்.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். அக்கா மூத்த பிள்ளை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்போது நான் பிறந்திருந்தேன். என்னைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. உள்ளூரிலேயே திருமணம் நடந்தது. அத்தான் ஒரு மிராசுதாரரின் மேட்டு நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தார். நெல்லுக்குத் தோதுப்படாத நிலம். கத்திரி, வெண்டை, கீரை போட்டார்கள். மகள் கலா பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டில் அத்தான் மஞ்சள் காமாலையில் காலமானார். குத்தகை அக்காவின் பெயருக்கு மாறியது.

அதுவரை விளைந்ததையெல்லாம் கமிஷன் மண்டியில் கொட்டிவிட்டு, அவர்கள் சொன்ன விலையை வாங்கிக்கொண்டு அக்கா திரும்புவார். காயைத் தின்பவர்கள் யார் என்று அவர் பார்த்ததில்லை. நகரத்தில் உழவர் சந்தை திறந்தபோதுதான் பார்த்தார். சாகுபடி செய்பவர் என்பதற்குச் சான்று காட்டினால் படம் ஒட்டிய அட்டை தருவார்கள். அட்டை இருந்தால் கடை. அக்காவின் சான்று அந்தக் குத்தகைதான்.

சந்தையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தராசு. விலையைக் காலையில் பலகையில் எழுதிவிடுவார்கள்; கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் வித்தியாசம் காட்ட மிச்சமிருந்தது கொசுறு ஒன்றுதான். மற்றவர்கள் கேட்டால் கொடுத்தார்கள். அக்கா கேட்கும் முன்பே போட்டுவிடுவார். காயைக் கொட்டும்போதே ஒரு கொத்துக் கறிவேப்பிலை பைக்குள் போயிருக்கும்.

“என்னங்க, இவ்வளவு வாங்குறேன், ஒரு கறிவேப்பிலை கிடையாதா?”

“போட்டாச்சு சார். அடியில கிடக்கு. உங்களுக்குத் தெரியாது, வீட்ல அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க.”

“எப்பப் போட்டீங்க? நான் பாக்கவே இல்லையே?”

“நீங்க அந்தக் கடை வெண்டைக்காயப் பாத்துக்கிட்டிருந்தீங்கள்ல, அப்பத்தான்.”

‘போட்டாச்சு’ என்று சொன்ன பிறகு அக்காவிடம் யாரும் வாதாடியதில்லை. கத்திரிக்காய் டீச்சர் ஓய்வு பெற்ற ஆசிரியை. நாள் தவறினாலும் கத்திரிக்காய் தவறாது, எப்போதும் அரைக் கிலோ. கணவர் இறந்து காரியம் எல்லாம் முடிந்த பிறகு முதல் முறையாக வந்தவர், பழக்கத்தில் “அரைக் கிலோ” என்றார். அக்கா கால் கிலோ நிறுத்தார். டீச்சர் தராசைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பையை விரித்தார். பக்கத்துக் கடையில் நின்றிருந்த நான் கண்டது இது.

ஆட்சி மாறியபோது சந்தையில் கூட்டம் குறைந்தது. மறுபடி மாறியபோது கூடியது. இரண்டு காலத்திலும் அக்கா முதல் பேருந்தில் போய் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

பிறகு மிராசுதாரர் இறந்தார். அவர் மகன் நிலத்தை மனைகளாக்கி விற்க முடிவு செய்தார். மற்றக் குத்தகைக்காரர்கள் ஒவ்வொருவராக விட்டுக்கொடுத்தார்கள். அக்கா மறுத்தார். பஞ்சாயத்துப் பேச ஆட்கள் வந்ததைத் தொலைபேசியில் சொன்னார்.

“ரெண்டு கட்சிக்காரனும் ஒரே கார்ல வந்தானுங்கடா தம்பி. இவன் கரை வேட்டிய அவன் மிதிச்சுக்கிட்டே இறங்குறான். இவனுங்களுக்கா நான் மாத்தி மாத்தி ஓட்டுப் போட்டேன்!”

“என்ன கேக்குறாங்க?”

“கையெழுத்துதான். குத்தகை போனா அட்டை போயிடும், அட்டை போனா கடை போயிடும்னேன். ‘வேற கடை பாத்துக்கலாம்மா’ங்கிறான். கடைய பாத்துக்கலாம்டா, டீச்சர யாரு பாத்துக்குவா?”

நான் திருச்சியில் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலையில் இருந்தேன். நிருபரிடம் சொன்னேன். மூன்று வரிச் செய்தியாக வந்தது. ஊர்ப் பெயர் வந்தது, நிலத்துக்காரர் பெயர் வரவில்லை. வழக்கறிஞரைப் பார்த்தோம். பதிவான குத்தகை, வழக்கு நிற்கும், ஆனால் வருடக்கணக்கில் ஆகும் என்றார். அதற்குள் பக்கத்து மனைகளுக்கு மண் அடித்ததில் வாய்க்கால் மூடிக்கொண்டது. புகார் கொடுத்த இடத்திலெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கத்திரிச் செடிகள் பூவோடு காய்ந்தன. அதன் பிறகு ஒரு மாலை அக்காவே அழைத்தார்.

“போட்டாச்சுடா தம்பி.”

“என்னக்கா?”

“கையெழுத்து.”

பைக்குள் கறிவேப்பிலை போட்டதைச் சொல்லும் அதே குரல்.

அட்டை புதுப்பிக்கப்படவில்லை. விதிப்படி அது சரிதான். அக்கா சந்தை வாசலுக்கு வெளியே சாலையோரம் சாக்கு விரித்து உட்கார்ந்தார். விற்க இருந்தது வீட்டுக் கொல்லையில் நின்ற கறிவேப்பிலை மரம் தந்தது மட்டும். உள்ளே காய் வாங்கி வெளியே வருபவர்களின் பையில் ஒரு கொத்தைப் போடுவார். காசு கொடுத்தால் வாங்கமாட்டார், கொசுறுக்கு ஏது காசு என்பார். அவரிடம் கொசுறு மட்டுமே மிஞ்சியிருந்தது. அதுவும் பொறுக்காமல் உள்ளே கடை போட்டிருந்தவர்கள் முறையிட்டார்கள். காவலாளி வந்து, “எனக்கு மட்டும் ஆசையாம்மா? எந்திரிங்க” என்றார். அக்கா எழுந்தார். பிறகு போகவில்லை.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். கலா காலையில் கேட்பாள், “மாத்திரை போட்டியாம்மா?” “போட்டாச்சு.” நான் இரவில் தொலைபேசியில் கேட்பேன். “போட்டாச்சுடா.” அந்த வார்த்தைக்கு மேல் யாரும் வாதாடுவதில்லை என்ற பழக்கம் எங்களுக்கும் இருந்தது. உண்மையில் போட்டாரா என்பது இன்றும் எங்களுக்குத் தெரியாது.

பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. ஒரு சொல் மட்டும் தங்கியது. வாழ்நாளில் அதிகம் புழங்கிய சொல் சில நேரம் அப்படி நின்றுவிடும் என்றார் மருத்துவர். வலிக்கிறதா என்றாலும், கஞ்சி வேண்டுமா என்றாலும், “போட்டாச்சு.” வேண்டும் என்று பொருளா, வேண்டாம் என்று பொருளா என்று கலா அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே கரண்டியைப் பிடித்திருப்பாள். செய்ய எங்களுக்கு வேறெதுவும் இருக்கவில்லை.

டீச்சர் விசாரித்துக்கொண்டு பேருந்தில் வந்தார். கையில் அதே துணிப்பை. பழத்தைக் கலாவிடம் கொடுத்ததால் காலியாக இருந்தது. அக்கா இடக்கையை மெல்ல நீட்டிப் பையின் வாயைத் தொட்டார்.

“போட்டாச்சு.”

டீச்சர் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். “ஆமா, இருக்கு. நெறயவே இருக்கு” என்றார்.

உடனிருந்து உதவிய தெருவினருக்கும், ஆட்டோவை இரவு பகல் பார்க்காமல் ஓட்டி வந்தவருக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், சந்தையிலிருந்து வந்து நின்ற பெயர் தெரியாத எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முறையிட்ட கடைக்காரர்களும் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்கள், அவர்களுக்கும் நன்றி.

டீச்சருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்காவை எடுக்கும் நேரத்தில் உறவினர்கள் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். டீச்சர் ஓரமாக நின்று, “நான் ஒறமொற இல்ல. போடலாமா?” என்று கலாவிடம் கேட்டார். கலா அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அவர் போட்டார். அவருக்குப் பின்னால் கீரைத்தண்டு சார், முருங்கைக்காய் பாய், இன்னும் யார் யாரோ.

சடங்கு செய்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “எல்லாரும் போட்டாச்சுங்களா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.