இழவுக்கென்று எடுத்த லீவு

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டெம்பரவரியாக வேலை பார்த்தேன். முதல் பிள்ளை உண்டானபோது வெளியே சொல்ல முடியவில்லை. வயிறு தெரிந்துவிட்டால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்குத் தறி ஓடாத காலம் அது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் மாசமாக இருப்பவர்களைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும். அந்நேரம் நான் மிஷின் முன்னால் நிற்பேன். எப்படியாவது போனாலும், அந்த வராந்தாவில் பாதிப்பேர் மில் தெருப் பெண்கள்.

கால் வீங்குவதை மாமியாரிடம் சொன்னேன். "நான் நாலு பெத்தேன். எந்த டாக்டரு வந்து பாத்தா?" என்றார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டிரு" என்றார்.

சேலைக்கு மேல் அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். பஞ்சுத் தூசிக்காகப் பலரும் அப்படிப் போடுவதால் யாரும் கேட்கவில்லை. ஆறாம் மாதம், அடுத்த மிஷினில் நின்ற அக்கா என் காலைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, எத்தன மாசம்?"

மிஷின் இரைச்சலுக்குள்ளேயே அழுதுவிட்டேன்.

"வத்திராயிருப்புல பெரியப்பா செத்துட்டாருன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லு. இழவுன்னா ஒண்ணும் கேக்க மாட்டாக. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போ. அங்க ஒன்னய யாருக்குத் தெரியும்?"

அப்படியே சொன்னேன். மேஸ்திரி வருத்தமாகத் தலையாட்டினார். எனக்குப் பெரியப்பாவே கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "இம்புட்டு நாள் எங்கம்மா இருந்த? ரத்தமே இல்ல, பிரஷரும் கூடியிருக்கு. நின்னு பாக்குற வேலைய இன்னைக்கே விட்டுரு. வாரா வாரம் வா."

சரி என்றேன். வாரா வாரம் எந்த உறவைச் சாகடிப்பது? அதுவரை வெறும் பயம்தான் இருந்தது. இப்போது என்ன செய்ய வேண்டுமென்று தெரிந்துவிட்டது, செய்யத்தான் வழியில்லை. மறுநாள் காலை அதே மிஷின் முன்னால் போய் நின்றேன்.

சில வாரங்களில் அங்கேயே மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது சட்டை விலகியிருந்தது. மேஸ்திரி தண்ணீர் செம்போடு குனிந்திருந்தார். கோபப்படவில்லை. "வீட்டுக்குப் போம்மா. பிள்ள பொறந்த பொறவு பாக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மயங்கி விழுந்ததில் பயந்துபோன மாமியாரும் கூட வந்தார். எட்டாம் மாதமே மகள் பிறந்தாள், கோழிக்குஞ்சு மாதிரி. பிழைத்துக்கொண்டாள். தலை நிற்கத் தொடங்கியதும் அவளைத் தூக்கிக்கொண்டு மில் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆள் போட்டாச்சேம்மா" என்றார்.