ஜமீன் விலக்குச் சிலையின் முகம்

மடவார் வளாகத்து அழகுத்தாய் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுவாள். கிளை ரோடு பிரியும் ஜமீன் விலக்கில் பஸ் நின்றதும், கம்பிக் கூண்டுக்குள் தலைப்பாகையோடு நிற்கும் ஜமீன்தார் சிலையைக் கண் நிறையப் பார்ப்பாள். தேர்தல் வந்து சிலையைத் துணியால் மூடிவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஜமீன்தார் மேல் பாசமா? ஒரு மண்ணும் இல்லை. குத்தகை அளக்க முடியாத சம்சாரிகளைப் புளியமரத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் விளாசிய புண்ணியவான் அவர். அவள் புருஷன் ஆண்டிச்சாமியின் தாத்தாவும் அந்த அடி வாங்கியவர்தான். ஜமீன்தாரின் பேரன்மார் சிலை வைக்கக் கிளம்பியபோது, வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. "ஆளு கம்பீரமா இருக்கணும், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டார்கள். சிற்பி சுற்றுமுற்றும் பார்த்தார். பீடத்துக்குக் கலவை சுமந்த ஆண்டிச்சாமியின் மூக்கும் மீசையும் அவருக்குப் பிடித்துப்போயின.

"வெளிய சொல்லிராத. நம்ம ஆளுக காறித் துப்புவாக" என்று ஆண்டிச்சாமி அழகுத்தாயிடம் சொல்லி வெட்கத்தோடு சிரித்தான். அடுத்த வருஷம் போர்வெல் வண்டியில் வடக்கே போனவன்தான், திரும்பவே இல்லை. கல்யாணப் போட்டோவைக் கரையான் தின்றுவிட்டது. அழகுத்தாய் இன்னும் பொட்டை அழிக்கவில்லை. வயிற்றில் விட்டுப்போன மகள் முனீஸ்வரி, அப்பன் முகம் தெரியாமலே வளர்ந்தாள்.

வளர்ந்தவள் சும்மா இருக்கவில்லை. "எங்க பூட்டன அடிச்சவனுக்கு நடுரோட்டுல சிலையா?" என்று மனு, மறியல் என அலைந்து, கடைசியில் சிலையை எடுக்க உத்தரவே வாங்கிவிட்டாள். நியாயம் மகள் பக்கம் என்று அழகுத்தாய்க்குத் தெரியாதா? பெருமைதான். ஆனால் சிலை போய்விட்டால், அவனைப் பார்க்க அவள் எங்கே போவாள்?

கிரேன் வந்தது. கூண்டை அறுத்தார்கள். ஒருவன் ஏறிச் சிலையின் கழுத்தில் வடத்தை மாட்டினான். கீழே ஒரே கைதட்டல்.

"கழுத்துல போடாதீகய்யா! கக்கத்துல கட்டுங்க!" அழகுத்தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள்.

முனீஸ்வரிக்கு மானம் போயிற்று. "யம்மா, ஒனக்குக் கிறுக்கா? அந்தப் பாவிக்கு எதுக்குப் பரிஞ்சுக்கிட்டு வார?"

"சிலை போகட்டும்ட்டி. நா வேண்டாங்கல. ஆனா அது ஜமீன்தாரு மூஞ்சி இல்ல. ஒங்கப்பா மூஞ்சி. அவியள உக்காரவச்சுத்தான் செஞ்சாக."

முனீஸ்வரி நிமிர்ந்தாள். இத்தனை வருஷமாகத் திட்டுவதற்காகவே பார்த்த முகம். அவள் கை தானாகப் போய்த் தன் மூக்கைத் தொட்டது.

"அண்ணே, கக்கத்துல கட்டுங்க" என்றாள்.

சிலை இறங்கியது. அழகுத்தாய் முந்தானையால் காக்கா எச்சத்தைத் துடைத்து, அந்தக் கன்னத்தில் கையை வைத்தாள். முனீஸ்வரி போனை எடுத்தாள்.

"தலப்பா வேணாம்ட்டி. மூஞ்சிய மட்டும் எடு."

மறுநாள் பஸ்ஸில் இடது ஜன்னல் காலியாகவே இருந்தது. அழகுத்தாய் நின்றுகொண்டே வேலைக்குப் போனாள்.