பல் பதிந்த பறி

பொன்னேரியில் நான் இப்போது இருக்கும் வீட்டின் பின்கட்டில் ஒரு பறி தொங்குகிறது. பனையோலையில் முடைந்த, வயிறு பருத்து வாய் குறுகிய சின்னக் கூடை. பிடிக்கிற இறாலைப் போட்டுக்கொள்வதற்கானது. அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் ஓலை நசுங்கி, நார் நாராகப் பிரிந்து, கறுத்திருக்கும். என் அம்மாவின் பல் பட்ட இடம். கோடையில் அந்தப் பறி முறுகிப்போய்க் கிடக்கும். ஐப்பசியில் ஈரக்காற்று எழுந்ததும் தானாகத் தளர்ந்து ஏரியின் வாடையை விடும். அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. வாசலுக்குப் போகிறேன், திரும்புகிறேன், மறுபடி போகிறேன். யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. இல்லை, கூப்பிட்ட மாதிரி என்பதும் சரியில்லை. கூப்பிடுவதற்காக ஒருத்தி மூச்சை இழுத்துக்கொண்ட மாதிரி.

நான் பிறந்தது பழவேற்காட்டு ஏரியோரம், தோணிரேவில். நைனா வலைக்குப் போவார். அம்மா கையாலேயே இறால் பிடிப்பாள். தண்ணீர் இறங்கும் நேரமாகப் பார்த்துப் பெண்கள் ஏரிக்குள் போய் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். கரையிலிருந்து பார்த்தால் வெறும் தலைகள்தான் தெரியும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருந்தால் பறியை எதில் பிடிப்பது? பல்லில்தான். விளிம்பைக் கவ்விக்கொண்டால் பறி மோவாய்க்குக் கீழே மிதந்து வரும். பிடிபட்டது உள்ளே போகும். வெயில் ஏறிக் கரைக்கு வருகிறவரை அம்மா வாய் திறக்க மாட்டாள். வந்த பிறகும் திறக்க மாட்டாள். தாடை அப்படி வலிக்கும். நல்லெண்ணெயைச் சூடாக்கிக் காதுக்குக் கீழே தேய்த்துக்கொண்டு, பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துவிடுவாள். பேசாத பொம்பளை என்று ஊரில் அவளுக்குப் பெயர். அவள் பேசாதவள் அல்ல, வாய் வலித்தவள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

என் தம்பி எழுபதுகளின் கடைசியில் பிறந்தான். பிறந்ததும் அழவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டியதில் பூனைக்குட்டியைப் போல ஒரு சத்தம் வந்ததாம். மற்றப் பிள்ளைகள் தவழும் வயதில் அவனுக்குக் கழுத்தே நிற்கவில்லை. நைனா தர்காவில் ஓதவைத்துக் கயிறு கட்டினார், அம்மன் கோயிலில் வேப்பிலை அடிக்கவைத்தார். ஒன்றும் நடக்காமல், பொன்னேரி ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி, கடைசியில் டீச்சரம்மா வந்தார்.

அவர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. வளர்ச்சி பின்தங்கிய சின்னப் பிள்ளைகளுக்கு வீடு தேடிப்போய்ப் பயிற்சி சொல்லித்தருகிறவர். எங்கள் ஊரில் அந்த வேலைக்குப் பெயர் இல்லாததால் டீச்சரம்மா ஆகிவிட்டார். வியாழக்கிழமைதோறும் பேருந்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வருவார். முதல் நாளே கிழிந்த வலையைச் சாக்கில் சுருட்டி உருளையாகக் கட்டச் சொல்லி, அதன்மேல் தம்பியைக் குப்புறப் படுக்கவைத்தார். எதிரே கிளிஞ்சலைக் குலுக்கினார். சத்தம் வந்த பக்கம் பார்க்க அவன் தலையைத் தூக்கினான், தொங்கவிட்டான், மறுபடி தூக்கினான். அது வேடிக்கை இல்லை, கழுத்துக்கு வேலை என்று சொன்னார். உட்காரப் பழக்குவதற்கு வீட்டு மூலையில் சாய்த்துவைக்கச் சொன்னபோது, அம்மா அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கரையேற்றி வைத்திருந்த தோணியின் முனைக்குள் வைத்தாள். இரண்டு பக்கப் பலகையும் கூடுகிற அந்த இடுக்கில் அவன் சரியாமல் உட்கார்ந்தான். டீச்சரம்மா கையைத் தட்டிச் சிரித்தார். “இத விட நல்ல மூலைய நான் எங்க போய்க் கொண்டாருவேங்க்கா?” அன்று முதல் அதுதான் அவன் இடம். அம்மா தண்ணீரில், அவன் தோணி முனையில், நடுவில் நான்.

கழுத்து நின்றது. முதுகு நின்றது. பேச்சுதான் வரவில்லை. “சின்ன வயசுல மூளை களிமண்ணு மாதிரிக்கா, இப்பப் புடிச்சாதான் உருவம் வரும். பேசிக்கிட்டே இருங்க. சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, வேலை செய்யும்போது, எப்பவும் பேசுங்க,” என்பார் டீச்சரம்மா. அம்மா தலையை ஆட்டுவாள். வேலை செய்யும்போது என் வாயில் பறி இருக்கும் என்று அவள் சொல்லவே இல்லை. அதெல்லாம் படித்தவர்களிடம் சொல்கிற விஷயமா என்று கூச்சம். அவளுடைய ஆசை சின்னது. “ஓடியாட வேணாம், படிச்சிக் கிழிக்க வேணாம். ஒரே ஒரு தபா என்ன அம்மான்னு கூப்ட்டா போதும் டீச்சரம்மா.”

அந்த நாட்களில் தம்பிக்கு ஒரு பழக்கம் இருந்தது. கையில் கிடைக்கிற ஓலைத்துண்டு, கயிற்று நுனி, என் பாவாடை ஓரம், எதையாவது பல்லில் கவ்விக்கொண்டு “ம்ம்ம்…” என்று முனகுவான். டீச்சரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. உதடு பிரிந்தால்தானே பேச்சு வரும், எதையும் வாயில் வைக்க விடாதீர்கள் என்றார். நாங்களும் கேட்டோம். வீட்டில் ஓலை என்று ஒன்று கண்ணில் படாமல் ஒளித்தோம். கவ்வினால் பிடுங்கினோம். முதலில் அழுதான். பிறகு அழவுமில்லை. முனகலும் நின்றது. தோணி முனையில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தபடி இருப்பான், ஊற்றி வைத்த தண்ணீரைப் போல. அம்மா முதல் முறையாகக் குரலை உயர்த்தியது அப்போதுதான். “இருந்த ஒரு சத்தமும் பூட்ச்சே டீச்சரம்மா! இன்னா பாவம் பண்ணேன் நானு?” டீச்சரம்மா எழுந்துகொண்டார். போகும்போது செருப்பைத் தோணியிலேயே மறந்துவிட்டுப் போனார்.

அடுத்த வியாழன் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. அம்மா வீட்டில் காத்திருக்காமல் ஏரிக்குள் போய்விட்டாள். டீச்சரம்மா தேடிக்கொண்டு கரைக்கே வந்தார். தூரத்தில் நாலைந்து தலைகள், ஒவ்வொன்றின் மோவாயிலும் ஒரு பறி. தம்பி கையை நீட்டிச் சிணுங்கினான். உடனே தண்ணீரிலிருந்து பதில் வந்தது, நீளமாக, தட்டையாக. “ம்ம்ம்…” நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். வாய் திறக்க முடியாத அம்மா அவன் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அப்படித்தான் அவனிடம் பேசிவந்தாள். எனக்கு அது காற்று மாதிரி பழகிய ஒன்று. சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. டீச்சரம்மா நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். “ஐயோ,” என்றார். பிறகு, “அவன் பேசிக்கிட்டுதான் இருந்திருக்கான். நாமதான் புடுங்கிட்டோம்,” என்றார்.

பேசுவதென்றால் எதையாவது பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டது. ஏரியோரத்தில் அல்லாமல் வேறெங்கே அப்படி ஒரு பிள்ளை நினைக்கும்?

அன்றே ஒளித்து வைத்த ஓலைகள் வெளியே வந்தன. டீச்சரம்மா தன் வாயிலும் ஒன்றைக் கவ்விக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தார். “ம்ம்ம்” என்றார். அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு “ம்ம்ம்” என்றான். அவர் ஒரு முறை, அவன் ஒரு முறை. முனகிக்கொண்டிருக்கும்போதே தன் ஓலையைச் சட்டென்று உருவிவிட்டு வாயைத் திறந்து காட்டுவார். ம்ம்ம்-ஆ. தம்பிக்குச் சிரிப்பு வந்துவிடும், ஓலை வராது. கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். பறியைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் வேலையின்போதும் பேசலாமே என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சின்னம்மா விடுவாளா? “இன்னாமே, தாலி பத்தலன்னு பறியும் மாட்டிக்கினியா? ரெண்டு புருசங்காரிச்சி!” என்று தண்ணீரை வாரி அடித்தாள். பெண்களெல்லாம் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். ஆனால் கயிறு முறுக்கிக்கொண்டு பறி கவிழ்ந்து, பிடித்ததெல்லாம் வெளியே போனது. மறுநாள் மறுபடி பல்லுக்கே போனது பறி. வீட்டில் மட்டும் பேச ஆரம்பித்தாள். தாடையில் எண்ணெய் தடவிக்கொண்டே பேசுவாள். இது உப்பு, இது உன் காலு, இது உங்க நைனா லுங்கி, கெட்ட நாத்தம். அவள் குரல் இவ்வளவு கரகரப்பாக இருக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பனிக்காலம் என்று நினைக்கிறேன். தண்ணீரின் மேல் புகை மாதிரி எழுந்துகொண்டிருந்தது, அம்மாவின் தலை தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. தம்பி ஓலையைக் கவ்விக்கொண்டு முனகினான். பதில் வந்தது. மறுபடி முனகினான். பனிக்குள் அவள் மறைந்துபோனாளோ என்னவோ, எம்பிப் பார்த்தான். எம்பியதில் ஓலை நழுவியது. சத்தம் நிற்கவில்லை.

“ம்ம்ம்மா.”

அம்மா எழுந்து நின்றாள். தண்ணீர் அவள் மேலிருந்து வழிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பறி விழுந்தது. காலையெல்லாம் தடவிச் சேர்த்தது அத்தனையும் அவளைச் சுற்றித் துள்ளி ஏரிக்குள் போனது.

“ஏமே! எறா போவுதுமே! புடிமே!” என்று சின்னம்மா கத்தினாள்.

“போவட்டும்,” என்றாள் அம்மா. “இன்னொரு தபா சொல்றா என் ராசா. போவட்டும்மே.”

டீச்சரம்மா அன்று இல்லை. அது வியாழக்கிழமை இல்லை. மறுவாரம் சொன்னபோது அவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். பிறகு கொஞ்ச காலத்தில் கல்யாணமாகி வேறு ஊர் போனார். அதற்குப்பின் யாரும் வரவில்லை. தம்பி நடந்தான், தாமதமாக. பேச்சும் வந்தது, கைக்குள் அடங்குகிற அளவுக்கு. இன்னும் பல சொற்கள் வந்திருக்கும், இன்னும் சில வியாழக்கிழமைகள் கிடைத்திருந்தால். அந்த எண்ணம் வரும்போதுதான் நான் எழுந்து வாசலுக்கு நடக்கிறேன்.

அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. தம்பி என்னோடுதான் இருக்கிறான். மீசை நரைத்துவிட்டது. சோறு, தண்ணி, அக்கா, பஸ்ஸு என்கிறான். மா என்று மட்டும் சொல்வதில்லை. அவள் போன நாளோடு அந்தச் சொல்லை எங்கேயோ வைத்துவிட்டான்.

போன கார்த்திகையில் அவனைத் தோணிரேவுக்கு அழைத்துப்போனேன். ஏன் என்று தெரியாமலே பறியையும் எடுத்துக்கொண்டேன். கரையில் இப்போது ஃபைபர் படகுகள். அவன் தேடிப்போய் ஒன்றின் முனையில், தன் பழைய இடுக்கு மாதிரியே இருந்த இடத்தில், பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவனுக்குப் பின்னால் நின்று, பறியின் அந்த நசுங்கிய இடத்தைப் பல்லில் வைத்தேன். உப்பு இன்னும் இருந்தது. என் பற்கள் அவள் பற்கள் பதிந்த இடத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தன. மெல்ல முனகினேன்.

அவன் முதுகு நிமிர்ந்தது. என் பக்கம் திரும்பவில்லை. ஏரியைப் பார்த்தான். தலை எதுவும் இல்லாத அந்தத் தண்ணீரை, ஓரத்திலிருந்து ஓரம் வரை, பொறுமையாகத் தேடினான். பிறகு சொன்னான்.

“ம்ம்மா.”

எனக்கு அவனைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது, நான்தாண்டா என்று. கூப்பிடவில்லை. வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும்.